பலூன் ஆகாயத்தில், கயிறு யார் கையில்?

கார் வந்து நிற்கிறது. பிரயாணி தன் செல்போனைத் தொடுகிறார். கதவின் பூட்டு திறந்துகொள்கிறது. அவர் ஏறிப் பின் சீட்டில் உட்காருகிறார். முன் சீட்டை எட்டிப் பார்க்கிறார். அங்கே டிரைவர் இல்லை!

ஆனாலும் கார் புறப்படுகிறது. ஸ்டீரிங் சக்கரம் தானாகவே திரும்புகிறது. சிவப்பு விளக்கு எரிந்தால் கார் நிற்கிறது. பச்சை விளக்கு வந்ததும் போகிறது. ரோட்டைக் கடக்கும் கிழவிக்கு வழி விடுகிறது.

இது மாயாஜாலப் படத்தில் வரும் காட்சி அல்ல. அமெரிக்காவில், கலிபோர்னியா மாகாணத்தில், சான் பிரான்சிஸ்கோ நகரத்தில் அன்றாடம் நடப்பது. 2024-ம் ஆண்டு ஜூன் மாதம் முதல் அந்த ஊரில் யார் வேண்டுமானாலும் பணம் கொடுத்து இந்த டாக்ஸியில் போகலாம். பீனிக்ஸ், லாஸ் ஏஞ்சலஸ் முதலிய நகரங்களிலும் இந்தக் கார்கள் ஓடுகின்றன. 2025-ம் ஆண்டு ஏப்ரல் மாதக் கணக்குப்படி, வாரத்துக்கு இரண்டரை லட்சம் சவாரி!

காரின் பெயர் 'வேமோ'. அதன் சொந்தக்காரர் 'ஆல்பபெட்' என்ற கம்பெனி. கூகுளின் தாய்க் கம்பெனி இதுதான்.

இந்தக் கம்பெனி ரோட்டில் கார் விட்டதோடு நிற்கவில்லை. ஆகாயத்தில் பலூன் விட்டது. மின்சாரம் எடுக்கப் பட்டம் விட்டது. கண்ணில் போடும் வில்லையைக் கொண்டு சர்க்கரை நோயை அளக்கப் பார்த்தது. கடல் தண்ணீரிலிருந்து எரிபொருள் எடுக்கப் பார்த்தது. அவற்றில் பல பாதியில் நின்றுவிட்டன. கம்பெனி அதற்காகக் கண்ணீர் விடவில்லை. பணம் இருக்கிறது, அடுத்த வேலையைப் பார்க்கிறது.

ஆனால் அந்தப் பலூனை நம்பியிருந்த ஊர்க்காரர்கள்? அந்தக் கார் ஓடும் தெருவில் குடியிருப்பவர்கள்? வேண்டும் என்றோ, வேண்டாம் என்றோ சொல்லும் உரிமை அவர்களுக்கு உண்டா? இந்தக் கேள்வி இப்போது பல நாடுகளில் எழுந்திருக்கிறது.

பணம் வரும் வழி

முதலில் பணத்தைப் பார்ப்போம். அது தெரிந்தால் பாக்கி விஷயம் எளிதில் விளங்கும்.

1998-ம் ஆண்டு லாரி பேஜ், செர்கே பிரின் என்ற இரண்டு வாலிபர்கள் கூகுள் கம்பெனியை ஆரம்பித்தார்கள். இருவரும் ஸ்டான்போர்டு சர்வகலாசாலையில் படித்தவர்கள். ஒரு வீட்டின் கார் கொட்டகையில் தொழில் தொடங்கியது. இன்டர்நெட்டில் எது எங்கே இருக்கிறது என்று தேடிக் கொடுப்பதுதான் தொழில்.

தேடிக் கொடுப்பதற்குக் காசு வாங்குவதில்லை. பிறகு வருமானம் ஏது? ஒருவர் 'பிரஷர் குக்கர்' என்று எழுதித் தேடுகிறார். குக்கர் விற்பவரின் விளம்பரம் அதே இடத்தில் வந்து நிற்கிறது. அவர் விளம்பரத்தைத் தொட்டால், குக்கர் விற்பவர் கூகுளுக்குக் காசு கொடுக்கவேண்டும். ஒரு தடவைக்குச் சிறு தொகைதான். ஆனால் உலகம் முழுவதும் தேடுகிறதே! சிறு துளி பெரு வெள்ளமாகிவிட்டது.

2015-ம் ஆண்டு கம்பெனியைப் பிரித்து அமைத்தார்கள். மேலே ஆல்பபெட் என்ற தாய்க் கம்பெனி. கீழே கூகுள் ஒரு பிள்ளை. வேமோ முதலியவை மற்றப் பிள்ளைகள். கூகுளின் தலைமைப் பதவி சுந்தர் பிச்சைக்கு வந்தது. மதுரையில் பிறந்து சென்னையில் வளர்ந்தவர் அவர். 2019-ம் ஆண்டு டிசம்பர் மாதம் தாய்க் கம்பெனியின் தலைமையும் அவரிடமே வந்து சேர்ந்தது.

2024-ம் ஆண்டில் ஆல்பபெட்டின் மொத்த வருமானம் 35,000 கோடி டாலர். அதில் விளம்பரத்தால் மட்டும் வந்தது 26,000 கோடி டாலருக்கு மேல். அதாவது 100 டாலரில் சுமார் 75 டாலர் விளம்பரப் பணம்.

வேமோ போன்ற புதுமைகளுக்குக் கணக்குப் புத்தகத்தில் தனித் தலைப்பு உண்டு. 'இதர பந்தயங்கள்' என்பது அந்தத் தலைப்பு! கம்பெனியே சூட்டிய பெயர். பெயர் பொருத்தமாகத்தான் இருக்கிறது. 2024-ல் அந்தப் பந்தயத்தில் வந்தது 165 கோடி டாலர். நஷ்டம் 440 கோடி டாலர்!

குதிரைப் பந்தயத்தில் இப்படித் தோற்றவன் வீட்டை விற்கவேண்டியதுதான். ஆல்பபெட்டுக்கு இது பெரிய தொகை அல்ல. குக்கர் விளம்பரமும் செருப்பு விளம்பரமும் வேறொரு பக்கம் பணத்தைக் கொட்டிக்கொண்டிருக்கின்றன. பலூனில் வாயு நிரப்பியவர் விஞ்ஞானி. பணம் நிரப்பியது விளம்பரம்.

இன்னொன்றும் கவனிக்கவேண்டும். ஆல்பபெட்டின் பங்குகளை லட்சக்கணக்கான பேர் வாங்கியிருக்கிறார்கள். ஆனால் நிறுவியவர்கள் இருவரின் பங்குக்குத் தனி மதிப்பு. அவர்களுடைய ஒரு பங்குக்கு 10 ஓட்டு! அதனால் மொத்த ஓட்டில் பாதிக்கு மேல் அந்த இருவரிடமே இருக்கிறது. பங்கு வாங்கியவருக்கே சொல் இல்லை என்றால், ரோட்டில் நடந்து போகிறவருக்கு எங்கே இருக்கப்போகிறது?

நிறுத்தினால் பரிசு!

புதுமைகளைக் கண்டுபிடிக்க 2010-ம் ஆண்டு ஒரு தனிக் கூடம் ஏற்பட்டது. அதற்கு 'எக்ஸ்' என்று பெயர். ஓர் எழுத்துத்தான் பெயர். கலிபோர்னியாவில் மவுண்டன் வியூ என்ற ஊரில், பழைய கடைவீதிக் கட்டிடம் ஒன்றில் அது நடக்கிறது.

அதன் தலைவர் ஆஸ்ட்ரோ டெல்லர். ஹைட்ரஜன் குண்டின் தந்தை என்று பேர் வாங்கிய எட்வர்டு டெல்லரின் பேரன். பாட்டனார் செய்தது உலகத்தை நடுங்க வைத்தது. பேரன் உலகத்தை வியக்க வைக்கப் பார்க்கிறார்.

எக்ஸ் கூடத்தில் ஒரு விசித்திரமான வழக்கம். ஒரு வேலை தேறாது என்று தெரிந்ததும், வேலை செய்தவர்களே அதை நிறுத்திவிட்டால் அவர்களுக்குப் பாராட்டு! பரிசுப் பணமும் உண்டு! இது வேடிக்கையாகத் தோன்றலாம். ஆனால் இதில் புத்திசாலித்தனம் இருக்கிறது. உத்தியோகம் போய்விடும் என்ற பயத்தால் தேறாத வேலையைப் பத்து வருஷம் இழுத்துக்கொண்டே போகிறவர்கள் எல்லா இடத்திலும் இருக்கிறார்கள்.

கடல் தண்ணீரில் எரிபொருள் எடுக்கும் வேலையை இப்படித்தான் 2016-ம் ஆண்டில் நிறுத்தினார்கள். எரிபொருள் கிடைத்தது. ஆனால் பெட்ரோலோடு போட்டி போடும் விலைக்குக் கிடைக்கவில்லை. பட்டம் விட்டு மின்சாரம் எடுக்கும் வேலை 2020-ம் ஆண்டு ஆல்பபெட்டின் கையை விட்டுப் போனது. அது நம் ஊர்க் காகிதப் பட்டம் அல்ல. 26 மீட்டர் அகலமுள்ள இறக்கை! நூலுக்குப் பதில் கெட்டியான வடம்.

கண் வில்லையின் கதை வேறு. 2014-ம் ஆண்டு ஜனவரியில் அது அறிவிக்கப்பட்டபோது சர்க்கரை நோயாளிகள் மிகவும் ஆசையோடு கேட்டார்கள். தினமும் விரலில் ஊசி குத்தி ரத்தம் எடுக்க வேண்டாம். கண்ணீரிலுள்ள சர்க்கரையை வில்லையே அளந்து சொல்லும் என்றால், ஆசை வராதா? 2018-ம் ஆண்டு நவம்பர் மாதம் அந்த வேலையும் நின்றது. கண்ணீரில் உள்ள சர்க்கரை அளவும் ரத்தத்தில் உள்ள சர்க்கரை அளவும் நம்பத்தக்கபடி ஒத்துப் போகவில்லை. விஞ்ஞானத்தில் இது சகஜம். அறிவித்தபோது எழுந்த முழக்கம், நிறுத்தியபோது எழவில்லை என்பதுதான் குறை.

ஒரு கூடத்துக்குள் வேலை நடக்கிறவரையில் நிறுத்துவதும் நடத்துவதும் கூடத்தாரின் இஷ்டம். வேலை கூடத்தை விட்டு வெளியே, பிறர் ஊருக்கு வந்துவிட்டால்? அப்படி வந்ததுதான் பலூன்.

20 கிலோமீட்டர் உயரத்தில்

பலூனுக்கு 'லூன்' என்று பெயர் வைத்தார்கள். 2013-ம் ஆண்டு ஜூன் மாதம் நியூசிலாந்தில் முதல் முறையாக அதைப் பலரும் அறியப் பறக்கவிட்டார்கள்.

நோக்கம் நல்ல நோக்கம். மலைக்கு அப்பாலும் காட்டுக்கு நடுவிலும் கோபுரம் கட்டி இன்டர்நெட் கொடுக்க முடிவதில்லை. செலவு கட்டாது. கோபுரத்தையே ஆகாயத்தில் தொங்கவிட்டால் என்ன?

பலூன் ஒரு டென்னிஸ் மைதானத்தின் அளவு இருந்தது. மெல்லிய பிளாஸ்டிக்கால் ஆனது. அடியில் ஒரு பெட்டி. சூரிய வெளிச்சத்திலிருந்து மின்சாரம் எடுக்கும் தகடுகள். பிரயாணிகள் விமானம் பறப்பதைப் போல் இரண்டு மடங்கு உயரத்தில், சுமார் 20 கிலோமீட்டர் உயரத்தில் அது மிதந்தது.

தள்ளிச் செல்ல எந்திரம் கிடையாது. பிறகு வேண்டிய இடத்துக்கு எப்படிப் போகும்? அங்கேதான் சாமர்த்தியம். அந்த உயரத்தில் காற்று அடுக்கடுக்காக வீசுகிறது. ஓர் அடுக்கில் கிழக்கே வீசினால், மற்றோர் அடுக்கில் வடக்கே வீசும். கிழக்கே போகவேண்டுமா? பலூன் கிழக்கே போகும் அடுக்குக்கு ஏறும், அல்லது இறங்கும். உள்ளே காற்றை அடைத்தால் கனம் கூடி இறங்கும். காற்றை வெளியே விட்டால் ஏறும். பரிசல்காரன் நீரோட்டம் பார்த்துப் போவது போலத்தான். ஒரு பலூன் 312 நாள் தரைக்கு வராமல் ஆகாயத்திலேயே இருந்து சாதனை புரிந்தது!

பலூன் இலங்கைக்கும் வந்தது. 2015-ம் ஆண்டு ஜூலை மாதம் கொழும்பில் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. தீவு முழுவதும் பலூன் மூலம் இன்டர்நெட் வரும் என்றார்கள். அலைவரிசையைக் கொடுப்பதற்குப் பதிலாக, ஏற்படப்போகும் கம்பெனியில் 100-க்கு 25 பங்கு அரசாங்கத்துக்குக் கிடைக்கும் என்றும் சொல்லப்பட்டது. 2016-ம் ஆண்டு பிப்ரவரியில் சோதனைக்கு முதல் பலூன் வந்தது. வந்த சில நாட்களில், கம்பளைப் பகுதியில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பலூன் ஒன்று கிடந்தது! தோட்டத்து ஆட்கள் திகைத்துப் போனார்கள். "விழவில்லை, திட்டப்படிதான் இறக்கினோம்" என்று அதிகாரிகள் விளக்கம் சொன்னார்கள்.

பலூன் விழுந்ததா, இறங்கியதா என்பது பெரிதல்ல. ரேடியோவுக்கு அலைவரிசை இருப்பதுபோல் பலூனுக்கும் அலைவரிசை வேண்டும். அதை ஒதுக்குவதில் சிக்கல் வந்தது. சிக்கல் தீரவில்லை. இலங்கையில் பலூன் சேவை தொடங்காமலே போயிற்று.

வேறு இடங்களில் பலூன் மெய்யாகவே உதவியது. 2017-ம் ஆண்டு போர்ட்டோ ரிக்கோ தீவைப் பெரும் புயல் தாக்கியது. செல்போன் கோபுரங்கள் சாய்ந்தன. உறவினர் பிழைத்திருக்கிறார்களா என்று கேட்க வழி இல்லை. அப்போது பலூன்கள் போயின. இரண்டு லட்சம் பேர் அவற்றின் மூலம் வெளி உலகத்தோடு தொடர்பு கொண்டார்கள். இதைக் குறைத்துச் சொல்லக் கூடாது. வெள்ளத்திலும் புயலிலும் ஒரு போன் அழைப்பு எவ்வளவு பெரிது என்பது அடிபட்டவர்களுக்குத்தான் தெரியும்.

கென்யாவில் நடந்தது என்ன?

ஆப்பிரிக்காவில் உள்ள கென்யா நாட்டில்தான் பலூன் முதல் முறையாக வியாபாரத்துக்கு வந்தது. 2020-ம் ஆண்டு ஜூலை மாதம். 'டெல்காம் கென்யா' என்ற போன் கம்பெனியோடு கூட்டு. சுமார் 35 பலூன்கள். 50,000 சதுர கிலோமீட்டர் பரப்புக்குச் சேவை. அமெரிக்காவின் நெவாடாவிலும் போர்ட்டோ ரிக்கோவிலும் ஏவிய பலூன்கள், காற்றிலேயே மிதந்து ஆப்பிரிக்கா வந்து சேர்ந்தன!

ஆறு மாதம் ஆயிற்று. 2021-ம் ஆண்டு ஜனவரி மாதம் ஓர் அறிவிப்பு வந்தது. 'செலவைக் குறைக்க முடியவில்லை. நீடித்து நடத்தத்தக்க வியாபாரமாக இது ஆகாது. மூடுகிறோம்' என்பது அதன் சாரம். மார்ச் மாதம் கென்யாவில் பலூன் சேவை நின்றது.

கம்பெனி வெறுங்கையோடு போகவில்லை. கென்யாவில் இன்டர்நெட், கல்வி முதலிய பணிகள் செய்யும் தர்ம ஸ்தாபனங்களுக்கு ஒரு கோடி டாலர் கொடுப்பதாகச் சொன்னது. அதைப் பாராட்டவேண்டும். ஆனால் தர்மம் வேறு, கடமை வேறு. தர்மம் கொடுப்பவர் மனசைப் பொறுத்தது.

நம் நாட்டில் பஸ் விடுகிறவர் ரூட் பெர்மிட் வாங்குகிறார். எந்த ஊர் வழியாகப் போகவேண்டும், எத்தனை நடை போகவேண்டும் என்று அதில் கண்டிருக்கும். கலெக்‌ஷன் குறைந்தது என்று நினைத்தபடி பஸ்ஸை நிறுத்திவிட முடியாது. கிராமத்து ஜனங்கள் அந்த பஸ்ஸை நம்பிப் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்திருப்பார்கள். ஆகாயத்தில் பறப்பதற்கும் அப்படி ஒரு பெர்மிட் வேண்டாமா? 'இத்தனை வருஷம் நடத்தவேண்டும்; நிறுத்துவதானால் இத்தனை காலம் முன்னதாகச் சொல்லவேண்டும்; அதுவரை மாற்று ஏற்பாடு செய்யவேண்டும்' என்று எந்த நாட்டு சர்க்காரும் எழுதி வாங்கலாம். பெரிய கம்பெனி வருகிறதே என்ற மகிழ்ச்சியில் சிறிய நாடுகள் இதைக் கேட்கத் தயங்குகின்றன.

பலூன் போயிற்று, ஒளி வந்தது

பலூன் வேலை முழுவதும் வீண் ஆகவில்லை. ஒரு பலூனுக்கும் இன்னொரு பலூனுக்கும் இடையே ஒளிக்கதிர் மூலம் செய்தி அனுப்பிப் பார்த்தார்கள். அந்த வித்தை தரைக்கு வந்தது. அதற்கு 'தாரா' என்று பெயர். தலைவர் மகேஷ் கிருஷ்ணசாமி, சென்னையில் வளர்ந்தவர்.

ஓர் உயரமான கம்பத்தில் ஒரு பெட்டி. சில மைல் தூரத்தில் இன்னொரு பெட்டி. கண்ணுக்குத் தெரியாத ஒளிக்கதிர் இரண்டுக்கும் இடையே பாய்கிறது. கேபிள் புதைக்கவேண்டாம். ரோட்டைத் தோண்டவேண்டாம்.

ஆப்பிரிக்காவில் காங்கோ நதியின் இக்கரையில் பிரஸாவில் நகரம். அக்கரையில் கின்ஷாசா நகரம். நடுவே தூரம் ஐந்து கிலோமீட்டருக்கும் குறைவு. ஆனால் நதி ஆழம், வேகம். கேபிள் கொண்டுபோக 400 கிலோமீட்டருக்கு மேல் சுற்றவேண்டும்! தாராவின் ஒளி நேராக நதியைத் தாண்டியது. மூடுபனி வந்தால் மட்டும் அதற்குத் தடை. பனிக்காலத்தில் கார் விளக்கின் வெளிச்சம் மங்குவது போல.

2023-ம் ஆண்டில் இந்தியாவிலும் ஏர்டெல் கம்பெனியோடு சேர்ந்து தாரா வேலை தொடங்கியது. சென்னையிலிருந்து மூன்று மணி நேரப் பிரயாண தூரத்தில், தாம் சிறு வயதில் கோடை விடுமுறையைக் கழித்த கிராமத்திலும் இந்தப் பெட்டி வைக்கப்பட்டதாக மகேஷ் கிருஷ்ணசாமி சொன்னார். 2025-ம் ஆண்டு மார்ச் மாதம் தாரா, ஆல்பபெட்டை விட்டுப் பிரிந்து தனிக் கம்பெனி ஆயிற்று. ஆல்பபெட்டுக்கு அதில் சிறு பங்கு உண்டு. தனிக்குடித்தனம் நல்லதுதான். இனி விளம்பரப் பணம் தாங்காது. வாடிக்கைக்காரர் தாங்கினால் நிற்கும்.

காருக்குக் கண் எத்தனை?

இப்போது மறுபடியும் காருக்கு வருவோம். பந்தயத்தில் ஓடிய குதிரைகளில் முன்னால் நிற்பது இதுதான். 2009-ம் ஆண்டு தொடங்கிய வேலை. 2020-ம் ஆண்டு அக்டோபரில் பீனிக்ஸ் நகரத்தில், டிரைவரே இல்லாமல் எல்லோருக்கும் சவாரி விட்டார்கள்.

சான் பிரான்சிஸ்கோவில் ஓடும் காரில் 29 காமிராக்கள். மேலே ஒரு கூம்பு போன்ற தலை. அது எல்லாப் பக்கமும் ஒளித் துடிப்புகளை வீசுகிறது. ஒளி எதிலாவது பட்டுத் திரும்ப எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்த்துத் தூரத்தைக் கணக்கிடுகிறது. ரேடார் கருவிகளும் உண்டு. இவற்றோடு ஊரின் ஒவ்வொரு தெருவுக்கும், ஒவ்வொரு விளக்குக் கம்பத்துக்கும் முன்கூட்டியே தயாரித்த வரைபடம். கார் எங்காவது குழம்பினால், தூரத்தில் அலுவலகத்தில் உட்கார்ந்திருக்கும் ஆளிடம் யோசனை கேட்கும்!

இதற்குத் தூக்கம் வராது. குடிக்காது. செல்போனில் பேசாது. இரண்டரைக் கோடி மைல் ஓட்டத்தை எடுத்துக்கொண்டு, ஸ்விஸ் ரீ என்ற இன்ஷூரன்ஸ் கம்பெனியும் வேமோவும் சேர்ந்து 2024-ல் ஒரு கணக்கு வெளியிட்டன. மனிதர் ஓட்டும் கார்களோடு ஒப்பிட்டால், காயம்பட்டவர்களின் நஷ்டஈட்டு மனுக்கள் 100-க்கு 92 குறைவு என்றது அந்தக் கணக்கு. கார்க்காரரும் கலந்து போட்ட கணக்கு என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். ஆனாலும் ரோட்டில் தினம் தினம் உயிர் போகும் உலகத்தில் இது தள்ளிவிடத்தக்க செய்தி அல்ல.

நகரம் வேண்டாம் என்றது

தகராறு எங்கே வந்தது? 2023-ம் ஆண்டு ஆகஸ்ட் 10-ந் தேதி. இரவும் பகலும் பணம் வாங்கிச் சவாரி விட வேமோவுக்கும், 'குரூஸ்' என்ற இன்னொரு கம்பெனிக்கும் அனுமதி கொடுப்பதா என்ற கேள்வி. தீர்ப்புச் சொல்லவேண்டியது நகரசபை அல்ல. கலிபோர்னியா மாகாணத்தின் கமிஷன்.

சான் பிரான்சிஸ்கோ நகர அதிகாரிகள் ஆட்சேபித்தார்கள். தீயணைக்கும் படையினர், தங்கள் வண்டிக்கு இந்தக் கார்கள் குறுக்கே நின்ற சம்பவங்களைப் பட்டியல் போட்டுக் கொடுத்தார்கள். அந்த ஒரு வருஷத்தில் 50-க்கு மேல்! டாக்ஸி டிரைவர்கள் பிழைப்புப் போகும் என்றார்கள். கண் தெரியாதவர்கள் சிலர் எழுந்து, 'எங்களுக்கு இது வேண்டும்' என்றார்கள். நாய் கூட வருகிறது என்று ஏற்ற மறுக்கும் டிரைவர் இதில் இல்லை அல்லவா? மணிக்கணக்கில் பேசினார்கள். முடிவில் மூன்றுக்கு ஒன்று என்ற ஓட்டில் அனுமதி கிடைத்தது. நகரம் வேண்டாம் என்றது. மாகாணம் வேண்டும் என்றது.

ஊர்க்காரர் சிலர் தங்கள் ஆட்சேபத்தை வேறு விதமாகக் காட்டினார்கள். ரோடு வேலை நடக்கும்போது வைக்கும் ஆரஞ்சு நிறக் கூம்பை எடுத்துக் காரின் பானெட் மீது வைத்தார்கள். அவ்வளவுதான். கார் திகைத்து நின்றுவிட்டது! 29 கண்கள் இருந்தும் ஒரு கூம்பை எடுத்துப் போட ஒரு கை இல்லை.

இரண்டு மாதம் கூட ஆகவில்லை. அக்டோபர் 2-ந் தேதி இரவு. வேறொரு கார் மோதியதால் ஒரு பெண் தூக்கி எறியப்பட்டு, குரூஸ் காரின் முன்னால் விழுந்தார். கார் அவர் மீது மோதி நின்றது. பிறகு, ஓரமாக நிறுத்துவதாக நினைத்து அவரைச் சுமார் 20 அடி இழுத்துச் சென்றது. அடியில் ஒரு மனுஷி இருக்கிறார் என்பது அதற்குத் தெரியவில்லை. மாகாண அதிகாரிகள் குரூஸ் காரின் உரிமத்தை நிறுத்தினார்கள். விபத்துக்காக மட்டும் அல்ல; கம்பெனி விபரத்தைச் சரியாகச் சொல்லவில்லை என்பதும் குற்றச்சாட்டு. 2024-ம் ஆண்டு டிசம்பரில் குரூஸின் தாய்க் கம்பெனி ஜெனரல் மோட்டார்ஸ், இந்த டாக்ஸி வேலையையே கைவிட்டது.

வேமோ அப்படிப்பட்ட விபத்தில் சிக்கவில்லை. ஆனால் கோபத்துக்கு ஆளாகி இருக்கிறது. 2024-ம் ஆண்டு பிப்ரவரியில், சீனர்கள் வாழும் பகுதியில் கூட்டம் ஒன்று ஆளில்லாத ஒரு காரைக் கொளுத்திவிட்டது. தீ வைத்தது குற்றம், சந்தேகமில்லை. ஆனால் டிரைவர் இல்லாத காரோடு சண்டை போடவும் வழி இல்லை என்பதை யோசிக்கவேண்டும். திட்டினால் காது கேட்காது.

2025-ம் ஆண்டு அக்டோபர் மாதம் ஒரு பூனை செத்தது. கிட்கேட் என்று பெயர். 16-வது தெருவில் ஒரு மளிகைக் கடையின் செல்லப் பூனை. அந்தத் தெருவாருக்கெல்லாம் அது பழக்கம். வேமோ கார் அதன் மேல் ஏறிவிட்டது. கடை வாசலில் ஜனங்கள் பூவும் மெழுகுவர்த்தியும் வைத்தார்கள். மனிதர் ஓட்டும் கார்களில் அடிபட்டுச் சாகும் பூனைகளுக்குக் கணக்கு ஏது? அவற்றுக்கு யாரும் பூ வைக்கவில்லை. கிட்கேட்டுக்கு மட்டும் ஏன்? நகரசபை அங்கத்தினரான ஜாக்கி பீல்டர் என்ற பெண்மணி அதை விளங்கவைத்தார். டிரைவர் இல்லாத கார் வேண்டுமா, வேண்டாமா என்று அந்தந்த ஊர் வாக்காளர்களே முடிவு செய்ய மாகாணம் இடம் கொடுக்கவேண்டும் என்று அவர் தீர்மானம் கொண்டுவந்தார். ஊரார் கேட்டது பூனைக்கு நியாயம் மட்டும் அல்ல. தங்களுக்கு ஒரு ஓட்டு.

மற்ற இடங்களில்

எல்லா ஊரும் கலிபோர்னியா அல்ல. நியூயார்க்கில் 2025-ம் ஆண்டு ஆகஸ்டில் வேமோவுக்குச் சோதனை அனுமதி கிடைத்தது. எட்டுக் கார்கள் மட்டும். ஒவ்வொன்றிலும் பயிற்சி பெற்ற ஆள் ஸ்டீரிங் பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும் என்று நிபந்தனை. அந்த மாகாணத்துச் சட்டம் அப்படி.

நம் நாட்டில் போக்குவரத்து மந்திரி நிதின் கட்கரி, டிரைவர் இல்லாத காரை இந்தியாவுக்குள் விடமாட்டோம் என்று 2017-ம் ஆண்டிலேயே சொன்னார். 2023-லும் அதையே சொன்னார். டிரைவர்கள் வேலை இழப்பார்கள் என்பது அவர் சொன்ன காரணம். மந்திரி சொன்னது ஒரு பேச்சு. நாளைக்கு வேறு மந்திரி வந்தால் வேறு பேச்சு. ஊர் ஜனங்களின் சம்மதத்தை எப்படிப் பெறுவது என்பதைச் சட்டமாக எழுதி வைத்தால்தான், எந்த மந்திரி வந்தாலும் நிற்கும்.

ஜப்பானில் நடந்தது இன்னும் விசித்திரம். 2025-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் டோக்கியோ நகரத்துத் தெருக்களில் வேமோ கார்கள் இறங்கின. தானாக ஓடுவதற்கு முன்னால், அந்த ஊரின் குறுகிய தெருக்களையும் இடது பக்கப் போக்குவரத்தையும் கார் கற்றுக்கொள்ள வேண்டும். யார் கற்றுக்கொடுப்பது? 'நிஹோன் கோட்சு' என்ற ஜப்பானிய டாக்ஸி கம்பெனி ஆள் அனுப்பியது. வருஷக் கணக்கில் டோக்கியோவில் டாக்ஸி ஓட்டிப் பழகிய அந்த டிரைவர்கள், வெள்ளை நிற வேமோ காரில் ஏறி, ஸ்டீரிங்கைப் பிடித்துத் தெருத் தெருவாக ஓட்டிக் காட்டினார்கள். காமிராக்கள் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு வந்தன.